பல் கட்டிய மட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் பாறை தோண்டும் இயந்திரத்தின் பல்லுக்குச் செய்கிற வைத்தியத்தை ஒரு கோல்ஃப் மட்டைக்குச் செய்த முட்டாள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் நான். படித்தது இன்ஜினீயரிங், பார்த்தது நெய்வேலிப் பட்டறையில் பராமரிப்பு வேலை. ஆகவே 'பாவம், தெரியாமல் செய்துவிட்டான்' என்று எனக்காக யாரும் பரிந்து பேசவும் வழியில்லை. யோசித்து, படம் போட்டு, அளவெடுத்துத்தான் செய்தேன்.

நெய்வேலியில் கோல்ஃபா என்று கேட்பீர்கள். அறுபதுகளில் இருந்தது. டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டி, வேலை நிமித்தம் வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினீயர்கள் பொழுது போகாமல் ஒன்பது குழி வெட்டி வைத்தார்கள். நாங்கள் சிலர் வேடிக்கை பார்க்கப் போய், மாட்டிக்கொண்டோம். புல் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. செம்மண், சரளை, நடுநடுவே முந்திரி மரம். சுரங்கத்துக்குள் ஊற்று பொங்கிவிடக் கூடாதென்று ராப்பகலாக இறைத்துக் கொட்டுகிற தண்ணீர் ஒரு வாய்க்காலாக மைதானத்தின் குறுக்கே ஓடும். அதில் விழுந்த என் பந்துகளெல்லாம் சேத்தியாத்தோப்புப் பக்கம் எந்த வயலில் போய் முளைத்தனவோ.

மற்ற ஊர்களில் குழியைச் சுற்றி மழமழவென்று புல்தரை இருக்குமாம். எங்களுக்கு மணல்தரை. இயந்திரங்களிலிருந்து வடித்த பழைய எண்ணெயை மணலில் பிசைந்து, உருளை ஓட்டிப் பரப்பியிருக்கும். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். அதில் ஒருவர் நடந்தாலே தடம் விழுந்துவிடும் என்பதால், பந்தைக் குழிக்குள் உருட்டும் முன் பந்திலிருந்து குழிவரைக்கும் ஒரு பலகையை இழுத்து வழியைச் சமன்செய்து தருவது எங்கள் வழக்கம். அந்த எண்ணெய் மணலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெள்ளைக் கால்சட்டையோடு குவார்ட்டர்ஸுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே மறிப்பாள்.

"ஷிப்டுக்குப் போய்ட்டு வரீங்களா, விளையாடிட்டு வரீங்களா?"

சோப்பு செலவு ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

என் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து என்னிடமிருந்து புறப்படும்போது நேராகத்தான் புறப்படும். நடுவழியில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தாற்போல் வலப்பக்கம் திரும்பி, முந்திரித் தோப்புக்குள் ஓடிவிடும். தினமும் இப்படித்தான். மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், வாய் மட்டும் இளமை. "சார், தோப்புக்குள்ள நீங்க அடிச்சிகினே போனா எனக்குக் களை வெட்டற வேலை மிச்சம்ங்க" என்பார்.

ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி, சாமானைத் திருத்துவது. பட்டறைக்காரன் புத்தி அது. பம்ப் சத்தம் போட்டால் பம்பைத்தான் பிரிப்போம். பம்ப் ஆபரேட்டரைப் பிரிக்கமாட்டோம். மட்டையின் கைப்பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பார்த்தேன். பந்து போன திசை மாறவில்லை, கைதான் கறுத்தது. பிறகு கால் வழுக்குவதால்தான் பந்து திரும்புகிறது என்று கண்டுபிடித்து, ஷூவின் அடியில் வரிசையாக ஆணி அடித்துக்கொண்டேன். மறுநாள் முதல் அடியிலேயே கால் செம்மண்ணில் நட்ட கம்பமாக நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. இடுப்பில் 'களுக்' என்றது.

அப்படித்தான் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும். வார்த்தையையும் மாத்திரை மாதிரி எண்ணிக் கொடுப்பவர்.

"எதைத் தூக்குனீங்க?"

"ஒண்ணும் தூக்கலை டாக்டர். கோல்ஃப் ஆடினேன்."

இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தனாவது குழியில?"

"முதல் குழி."

"எத்தனாவது அடி?"

"முதல் அடி."

"குப்புறப் படுங்க" என்று ஊசியை எடுத்தார்.

டாக்டரம்மா கோல்ஃப் ஆடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. படிக்கிற காலத்தில் கற்றுக்கொண்டாராம். ஒரு துணிப்பையில் மூன்றே மூன்று மட்டை வைத்திருந்தார். ஆனால் ஆடத்தான் முடியவில்லை. எங்கள் மைதானத்துக் கமிட்டியில் ஒரு விதி: பெண்கள் வேலை நாள் மத்தியானத்தில் மட்டும் ஆடலாம், ஞாயிறு காலை ஆண்களுக்கு. வேலை நாள் மத்தியானம் அவருக்கு வார்டு. வார்டு இல்லாவிட்டாலும் அந்த வெயிலில் நெய்வேலிச் செம்மண்ணில் நாய்கூட நடக்காது. அவருக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிறு காலை மட்டுமே.

அவர் கமிட்டிச் செயலாளரிடம் கேட்டார். செயலாளர் பெரிய பதவியில் இருந்தவர்; நல்ல மனிதர்தான், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சிரிப்புமாக இருப்பார். "மாட்டேன்னு சொல்லலை டாக்டர். வர்ற ஜோடிப் போட்டியில உங்க ஜோடி என் ஜோடியை ஜெயிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து லேடீஸ் எல்லாரும் வரலாம்" என்றார். எல்லார் முன்னிலும் சொன்ன வாக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் முறை. ஒருவர் அடித்துப் போடும் இடத்திலிருந்துதான் மற்றவர் அடிக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்று சீட்டுக் குலுக்கினார்கள்.

டாக்டரம்மாவுக்கு நான் வந்தேன்.

என் பெயரைப் படித்தபோது செயலாளர் முகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து முடித்தவரின் நிம்மதி தெரிந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"தேவலை டாக்டர்."

"ம்" என்றார். தேவலை என்றதில் அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பிடிபடவில்லை.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பிளாக்குகளில் செய்தி சைக்கிளைவிட வேகமாகப் போகும். மனைவி தட்டை வைக்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏங்க, இது உங்க ஆட்டம் இல்லை, அந்தம்மா ஆட்டம். நாங்க நாலு பேரு ஞாயித்துக்கிழமை அங்க போய் ஆடிப் பார்க்கணும்னு பேசி வச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் பெரிசா ஆட வேணாம். புதுசா எதையும் கண்டுபிடிக்காம இருங்க, போதும்."

சரி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மறுநாள் பட்டறையில் கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இருந்த மணற்பாறை, தோண்டுகிற இயந்திரத்தின் பற்களைச் சாக்பீஸ் மாதிரி தேய்த்துவிடும். அதற்காக அந்தப் பற்களின்மேல் கெட்டியான வேறொரு உலோகத்தை வெல்டிங் வைத்து ஏற்றுவோம். என் இரும்பு மட்டையும் சரளையில் இழுபட்டு அடிப்பக்கம் தேய்ந்து கோணலாகியிருந்தது. கோணல் மட்டை, கோணல் பந்து! பல்லுக்கு நல்லது மட்டைக்கு ஆகாதா? வெல்டரிடம் கொண்டுபோனேன். குள்ளஞ்சாவடிக்காரர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், அடி பூரா ஏத்தணுமா? கெணறு எதுனா வெட்டப் போறீங்களா?"

"பந்து அடிக்கப் போறேன்யா."

"பந்தா? அது இன்னாங்க தப்பு பண்ணுச்சு?"

ஏற்றிக் கொடுத்தார். கறுத்து, புடைத்து, பட்டறையிலேயே பிறந்து வளர்ந்தாற்போல இருந்தது மட்டை. கனமோ கனம். ஆனால் இதைக் கேளுங்கள்: அன்று சாயங்காலம் மைதானத்தில் அடித்துப் பார்த்தால், பந்து நேராகப் போயிற்று! மறுபடியும் அடித்தேன், மறுபடியும் நேராக. பிறகுதான் புரிந்தது. அந்தக் கனத்தை என்னால் வழக்கமான ஆவேசத்தோடு வீச முடியவில்லை. வேறு வழியில்லாமல் நிதானமாக வீசினேன். நிதானத்தை மட்டைக்கு வெளியே எங்காவது தேடியிருந்தால் இலவசமாகவே கிடைத்திருக்கும். அது அப்போது தோன்றவில்லை.

"சார், பந்து நேராப் போவுதே!" என்றார் மைதானத்துக்காரர். "அடிச்சது யாருங்க?"

டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கினார். உடனே கீழே வைத்தார்.

"பழைய மட்டை எங்கே?"

"அதுக்குள்ளதான் இருக்கு டாக்டர்."

"வேற?"

"வேறெதுலயும் நேராப் போக மாட்டேங்குது."

மட்டையை என் பக்கமே தள்ளினார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஞாயிறன்று செயலாளருக்கு ஜோடி, நெட்டையான ஒரு வெளிநாட்டு இன்ஜினீயர். கடைசிக் குழிக்குப் பக்கத்து முந்திரி நிழலில் நர்ஸுகள், என் மனைவி, எங்கள் பிளாக்குப் பெண்கள். ஆட அனுமதி இல்லை, நிற்க விதியில் தடை இல்லையே.

ஆட்டம் குழிக்குக் குழி கணக்கு; குறைந்த அடியில் முடிக்கிற ஜோடிக்கு அந்தக் குழி. நேராகப் போன என் அடிகள் சிலவற்றை நானே நம்பவில்லை. ஆனால் பரபரப்பு வந்ததும் பழைய மனுஷன் எட்டிப் பார்த்துவிடுவான். ஒரு பந்தை வாய்க்காலுக்குத் தானம் செய்தேன். ஒன்றை முள்ளுக்குள் செருகினேன். டாக்டரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, முள்ளை விலக்கி, தன் மூன்று மட்டைகளில் சின்னதால் பந்தைப் பிரசவம் பார்ப்பதுபோல வெளியே எடுத்துப் போடுவார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். செயலாளரின் சிரிப்பில் வெள்ளை குறைந்திருந்தது.

கடைசிக் குழியில் அவர்கள் ஆறு அடியில் முடித்தார்கள். எங்களுக்கு மூன்று அடி ஆகியிருந்தது. பந்து பிரவுனுக்கு வெளியே, பத்தடி தள்ளிக் கிடந்தது. நாலாவது அடி என்னுடையது. நான் அதை மெதுவாகக் குழியருகே தள்ளிவிட்டால் டாக்டரம்மா உருட்டி முடித்துவிடுவார்; ஐந்து அடி, ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு.

"மெதுவா" என்றார் டாக்டரம்மா.

மெதுவாகத்தான் வீசினேன். 'டங்' என்றொரு சத்தம். கை திடீரென்று லேசாகிவிட்டது. பார்த்தால் என்னிடம் இருந்தது வெறும் குச்சி. வெல்டிங் சூட்டில், குச்சியும் தலையும் சேருகிற கழுத்து வெந்துபோயிருக்கிறது. மட்டையின் தலை கழன்று காற்றில் பறந்து, பிரவுன் நடுவில் இறங்கி, உழுதுகொண்டே போய் உட்கார்ந்தது. போகிற போக்கில் பந்தையும் கொஞ்சம் உதைத்திருக்கிறது. பந்து நகர்ந்து நகர்ந்து பிரவுன் ஓரத்தில் நின்றது. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் என் கண்டுபிடிப்பு.

வெளிநாட்டுக்காரர் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

"அடடா" என்றார் செயலாளர். "கிடக்கிறபடியேதான் ஆடணும் டாக்டர். என்ன பண்றது?"

டாக்டரம்மா மைதானத்துக்காரரைப் பார்த்தார். "பலகையை இழுங்க."

"அது கால் தடத்துக்கு இழுக்கிறது. இது பள்ளம்!"

"ஏன் சார்," என்றார் மைதானத்துக்காரர், "போன வாரம் நீங்க இதே எடத்துல வழுக்கி வுழுந்து பொரண்டீங்களே, அப்பவும் நான்தானே இழுத்து வுட்டேன்? அது மட்டும் கால் தடமாங்க?"

நிழலில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். செயலாளர் தன் ஜோடியைத் துணைக்குப் பார்த்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த தமிழ், சுரங்கத்தில் ஆட்கள் கேபிள் இழுக்கும்போது காதில் விழுந்த ஒரே வார்த்தை. அதைக் கை தட்டிக்கொண்டு சொன்னார்: "இழு! இழு!"

மட்டையின் தலையைக் கிழங்கு பிடுங்குவதுபோலப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மைதானத்துக்காரர் பலகையை இழுத்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவையும் இழுத்தார். டாக்டரம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். நீண்ட உருட்டல் அது. எங்கள் மைதானத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் குழிக்குள் போட்டு நான் பார்த்ததில்லை. பந்தைத் தட்டினார். எண்ணெய் மணலில் கறுத்துக்கொண்டே உருண்டு, கொஞ்சமும் தயங்காமல் போய் உள்ளே விழுந்தது.

நிழலிலிருந்து எழுந்த சத்தத்தில் முந்திரி மரத்துக் காக்கைகள் கலைந்தன. செயலாளர் தொப்பியைக் கழற்றி, "அடுத்த ஞாயித்துக்கிழமை பார்ப்போம் டாக்டர்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது நர்ஸுகள் இருவர், கான்வாஸ் ஷூ போட்ட என் மனைவி, எல்லாரும் முன்னமே வந்து நின்றார்கள். டாக்டரம்மா முதல் அடிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் நேரே அவரிடம் போனேன். ஒரு வாரமாக யோசித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குறை தலையில் இல்லை, கழுத்தில்தான். கழுத்துக்கு வெளியே ஓர் உறை போட்டு, வெல்டிங் வைத்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் தலை கழலவே கழலாது. அடுத்த போட்டிக்குள் அவருடைய மூன்று மட்டைகளுக்கும் சேர்த்தே செய்து தருகிறேன் என்று கையை வீசி விளக்கினேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் அடிக்கணும்" என்றார் டாக்டரம்மா.