தையல் வகுப்புப் பலகை

எங்கள் அமைப்பு பதிவானது, சொந்தப் பெயரில் பலகை மாட்டியது எல்லாம் பிற்பாடு. எண்பதுகளில் நாங்கள் மூன்று பெண்கள் ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல் அறை எடுத்தோம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்கள் வாய்விட்டுப் பேச ஓர் இடம்; போலீசுக்கோ மருத்துவமனைக்கோ போக ஒரு துணை. அதை எழுதி மாட்டினால் எவள் படியேறுவாள்? ‘தையல் வகுப்பு’ என்று எழுதினோம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஒன்றை யோசிக்கவில்லை. தையல் படிக்கப் போகிறவள் எதையாவது தைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமே! மாமியார்கள் கேட்டார்கள், புருஷன்மார் கேட்டார்கள். ஆக, பகலெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு அடித்துவிட்டு வந்து, அழுகிறவர்கள் பேச்சைக் கேட்டு, அவர்களுக்கு ரவிக்கையும் தைத்தோம். எனக்குத் தையல் என்றாலே எரிச்சல். நான் தைத்தால் ஒரு கை இறங்கும், ஒரு கை ஏறும். புதிதாகப் படிப்பவள் தைத்தது மாதிரி கச்சிதமாக இருக்கிறது என்று மற்ற இருவரும் கேலி செய்வார்கள். சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் சனிக்கிழமைதோறும் வந்தாள். அவளைச் சீரழித்தவன் அவள் வீட்டிலேயே தங்கியிருந்த சித்தப்பா. எங்கே போகிறாள் என்று தெரிந்தால் அப்புறம் வெளியே விடவே மாட்டான். நான் தைத்த ரவிக்கைகளைக் காட்டித்தான் அவள் வாசலைத் தாண்டினாள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பதில் அவள் அம்மா வந்தார், கையில் நான் தைத்த ரவிக்கை ஒன்றோடு. எல்லாம் முடிந்தது, இனி அவளை அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். வாதாடக்கூட அலுப்பாக இருந்தது.

“கதவச் சாத்துங்க டீச்சர்,” என்றார். “நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் பெட்டி படுக்கையத் தூக்கி ரோட்டுல போட்டுட்டோம். அடுத்த வாரம் அவ வருவா லா, பயப்படாதீங்க.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. ரவிக்கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“எனக்கும் நடந்துச்சு டீச்சர். அவளவிடச் சின்ன வயசுல. மக கதை அவ அப்பாவுக்குத் தெரியும். என் கதை தெரியாது, இது என்ன இடம்னும் தெரியாது. தையல் கிளாஸ்ல சேரப் போறேன்னுதான் அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு எழுந்து, அளவு நாடாவை எடுத்தேன்.