மாமாவைப் பிணமாக்கிய படப்பிடிப்பு

அரசாங்கக் கந்தோர் வேலையை விட்டுவிட்டு, படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் ஊரைக் காட்டிக்கொடுக்கும் தொழிலில் நான் இறங்கியபோது வீட்டில் ஒருவரும் என்னுடன் கதைக்கவில்லை. மாமா மட்டும் கதைத்தார். அவரும் கதைக்காமல் இருந்திருக்கலாம்.

மாமா என்றால் என் மனைவியின் தகப்பன், ஓய்வுபெற்ற தபாலதிபர். மாமி போய்ச் சேர்ந்து கனகாலம். அரசாங்க உத்தியோகத்தை விட்டவன் நாளைக்குப் பெண்சாதியையும் விடுவான் என்பது அவருடைய கட்சி. அவருடைய மூத்த மருமகன், அதாவது என் சகலன், யாழ்ப்பாண நகரத்தில் பெரிய ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே போய்க் கதிரையில் இருந்து ஆணி நிறுத்துக் கொடுக்கவேண்டும் என்பது மாமாவின் ஆசை. எனக்கோ ஆணியைக் கண்டாலே நெஞ்சு அடைக்கும். ஆணி நிறுக்கும் மனிதனுக்கு ஆணியைத் தவிர வேறு என்ன பேச்சு இருக்கமுடியும்?

என் கணக்கு வேறு. தமிழ்நாட்டுச் சீரியல்காரர் எங்கெங்கோ போய்ப் படம் பிடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் என்ன குறை? காங்கேசன்துறையில் ஓடாமல் நிற்கிற சீமெந்துத் தொழிற்சாலையை விட, நல்லவனைக் கட்டிவைத்து அடிக்கத் தோதான இடம் உலகத்தில் உண்டா? கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி. அடி வாங்கியவன் அங்கே வந்து குளிக்கலாம். குருநகரில் வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன. குளித்து முடித்தவன் காதலியுடன் ஏறித் தப்பி ஓடலாம். ஒரு கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மோட்டார் சைக்கிளில் போனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வீடியோ எடுத்தேன். ஒன்றையாவது நிம்மதியாக எடுக்க விட்டார்களா? நான் போனைத் தூக்கினால் போதும், ஏதாவது ஒரு வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பும். "தம்பி, காணி விக்கப் போகினமோ? பரப்பு என்ன விலை சொல்லினம்?" எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் படம் பிடிப்பவன் தரகன்தான், வேறு காரணம் இருக்கமுடியாது. கீரிமலை வீடியோவில் அலைச்சத்தத்தோடு என் குரலும் கேட்கும்: "இல்லை அம்மா, விக்கேல்லை, சத்தியமாய் விக்கேல்லை."

அந்த வீடியோவை யூடியூப்பில் பார்த்துத்தான் ஒரு சென்னை டைரக்டர் கப்பலேறி வந்தார். காங்கேசன்துறையில் இறங்கும்போது முகம் வாழைத்தண்டாக வெளுத்திருந்தது. வழியெல்லாம் வாந்தியாம். ஆனால் எங்கள் ஒடுங்கின ஒழுங்கையில் இருந்த, நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீட்டுக்குள் காலை வைத்ததும் மனிதர் தெளிந்துவிட்டார். வீட்டுக்காரர் கனடாவில், பூட்டின் திறப்பு எங்களிடம் இருந்தது.

"சார், முதல்ல ஒரே ஒரு சீன் எடுத்துப் பாக்கலாம். செட் ஆச்சுன்னா முழு சீரியலும் இங்கதான்," என்றார் டைரக்டர்.

அந்த ஒரு சீன் என்ன தெரியுமா? வீட்டுப் பெரியவர் இறந்துபோகிறார். செத்தவீடு!

மாமாவுக்குச் சேதி போனது. அன்று பின்னேரமே சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றபடி கேட்டார்: "உது பிழைச்சால், சரிவராட்டில், திங்கட்கிழமை ஆணிக்கடை. ஓமோ?"

"ஓம் மாமா," என்றேன். அந்த நேரம் எனக்கு எல்லாம் வெற்றியாகத் தெரிந்தது.

ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், வந்து அழச் சொல்லிக் கேட்டேன். ஒருவரும் மசியவில்லை. "சாகாத ஆளுக்கு அழுதால் எமனுக்கு வழி சொல்லிக் குடுத்த மாதிரி. வந்து இருக்கிறம், ஆனால் அழமாட்டம்," என்றார்கள். அழுகை போகட்டும், பிணத்துக்கு ஆள் வேண்டாமா? வயதானவர்களிடம் கேட்டால் செருப்பைத் தேடினார்கள். இளந்தாரிகளிடம் கேட்டால் தாய்மார் விளக்குமாற்றைத் தேடினார்கள்.

கடைசியில் மாமாவே வந்தார். "நான் படுக்கிறன்."

என்னால் நம்பமுடியவில்லை. "நீங்களோ மாமா?"

"பிணம் கிடைக்கேல்லை, அதாலை பிழைச்சது எண்டு நாளைக்கு நீர் சாட்டுச் சொல்லக்கூடாது. அதுக்குத்தான்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பாவைச் சாகடிச்சுத்தான் நீங்கள் பிழைக்கவேணுமோ?" என்றாள். பிறகு, தகப்பன் படுக்கப்போகும் கட்டிலுக்குத் தானே வெள்ளை விரித்தாள். இருவரும் ஒரே குணம்தான். வாய் ஒரு பக்கம் போகும், கை மறு பக்கம் போகும்.

மறுநாள் காலை மாமாவைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டி கட்டி, மூக்கில் பஞ்சு வைத்துக் கிடத்தினோம். தலைமாட்டில் குத்துவிளக்கு. ஒழுங்கை வாசலில் வெள்ளைக்கொடி. டைரக்டருக்குச் சத்தமும் உண்மையாக இருக்கவேண்டுமாம். ஆகவே பறைமேளகாரரையும் நான்தான் கூட்டிவந்தேன். அவர்கள் படுத்திருந்தவரின் வயிறு ஏறி இறங்குவதை ஒருதரம் பார்த்தார்கள், என்னை ஒருதரம் பார்த்தார்கள், பிறகு அடிக்கத் தொடங்கினார்கள்.

என்னைப்போல ஒரு மொக்கனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு இது உறைத்திருக்கவேண்டாமா? எங்களிடம் நல்லதுக்கு அழைப்புக் காட் வைத்துத்தான் கூப்பிடவேண்டும். கெட்டதுக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. மேளம் கேட்டால், வெள்ளைக்கொடி தெரிந்தால், வந்துவிட வேண்டியதுதான். பகையாளியும் வருவான். எங்கள் ஒழுங்கைக்குத்தான் இது நடிப்பு என்று தெரியும். அதற்கு அப்பால் இருந்த ஊருக்கு யார் சொன்னது?

முதலில் வந்தவர்கள் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள். உடுத்த சாரத்தில் மீன் செதில் ஒட்டியபடி ஓடிவந்தார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்து, "ஐயோ, போஸ்மாஸ்டர் ஐயா!" என்று ஒருவர் தலையில் கைவைத்தார். உடனே போன்கள் வேலை செய்யத் தொடங்கின. அதன்பிறகு சனம் வந்தது பாருங்கள்! அடுப்பில் வைத்த உலையை இறக்கிவிட்டுப் பெண்கள் வந்தார்கள். அயலில் பிரேதம் கிடக்கும்போது எப்படிச் சமைப்பது? கோயில் ஐயர் மத்தியானப் பூசையை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டார். ஒருவர் கதிரை அடுக்கினார், ஒருவர் பந்தலுக்குக் கயிறு இழுத்தார், ஒருவர் தெருவில் நின்று வாகனங்களை மறித்தார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கவேண்டும் என்று ஒரு அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கனடாவிலை ஆர் ஆர்? லண்டனிலை ஆர் ஆர்? கெதியாய்ச் சொல்லும்," என்று நின்றார்.

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டைரக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "சார்! எங்கயிருந்து சார் புடிச்சீங்க இவ்ளோ பேரை? என்ன நேச்சுரல்! ரோல் கேமரா!"

வாயை மூடிக்கொண்டேன். திறந்தால் ஆணி, மூடினால் சீரியல். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

அழுகை தொடங்கியது. மாமாவுக்கு இவ்வளவு பேர் அழுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. முத்திரை வாங்கப் போனவர்களை எல்லாம் வரிசையில் நிற்கவைத்து ஏசிய மனிதர் அவர். "ஏசினாலும் நியாயமாய் ஏசிற மனிசன்," என்று ஒருவர் விம்மினார். ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்தார்: "எனக்கு வந்த போஸ்காட்டை எனக்கு முன்னாலை வாசிச்ச ராசாவே! நான் பிரிக்க முதலே சேதி சொன்ன துரையே!" மாமாவின் கால் பெருவிரல் ஒருதரம் துடித்தது. பெருமையா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. டைரக்டர் அதைக் கவனிக்கவில்லை.

அப்போதுதான் மாமாவின் பக்கத்துக் காணிக்காரர் வந்தார். இருவருக்கும் எல்லைவேலிச் சண்டை. வேலிக்கு ஊன்றும் பூவரசங் கதியாலை அவர் தள்ளி நட்டுவிட்டார் என்று மாமா வழக்குப் போட்டு, அது கோட்டில் நீதிபதி முன்னால் இழுபட்டு, மாமா தோற்றும் போனார். அதன்பிறகு இருவரும் முகம் பார்த்ததில்லை. மனிதர் கட்டிலடிக்கு வந்து தடால் என்று விழுந்தார்.

"அண்ணை! என்னை மன்னிச்சுப் போடுங்கோ அண்ணை! கதியாலைத் தள்ளி நட்டது நான்தான். கோட்டிலை பொய் சொல்லிப்போட்டன்!"

மாமா எழும்பி இருந்தார்.

மூக்கில் பஞ்சுடன், நெற்றியில் திருநீற்றுடன், விரலை நீட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னனான்!" என்றார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. பாதிச் சனம் வேலியைப் பாய்ந்தது. காணிக்காரர் மயங்கி விழுந்தார். ஒப்பாரி வைத்த கிழவி முதலில் "முருகா!" என்றார், அடுத்த மூச்சில் மாமாவின் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கு ஏசினார். டைரக்டர் மட்டும் "கட்! கட்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

விசயம் தெரிந்ததும் ஊர் முழுக்க என்மேல் பாய்ந்தது. ஒருத்தியின் குழம்பு கெட்டுவிட்டதாம். ஐயர் வாசலில் நின்று, "இப்ப சாவுத் துடக்கு இருக்கோ இல்லையோ? நான் கோயிலைத் திறக்கிறதோ விடுறதோ?" என்று கேட்டார். பிணம் இல்லாவிட்டால் துடக்கு இல்லை என்றது ஒரு கட்சி. அழுதது உண்மைதானே, தலைக்கு முழுகித்தான் ஆகவேண்டும் என்றது மறு கட்சி. அடிபாட்டுக்கே வந்துவிட்டார்கள்.

டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "சார், வெளிச்சம் போயிட்டிருக்கு. இன்னும் ஒரே டேக். அதுவும் போச்சுன்னா பேக்கப். நாளைக்கு கப்பல் ஏறி, சென்னைலயே செட் போட்டு எடுத்துக்கிறேன்."

சனம் கலைந்துகொண்டிருந்தது. யாரைப் பார்த்து நான் இன்னொருதரம் அழச் சொல்ல? முற்றத்து நடுவில் நின்றேன். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. ஆணிக்குப் பயமில்லை, ஒரு வேலையை ஆசைப்பட்டுத் தொடங்கி, ஊர் பார்க்க அதில் மண் கவ்வியவனாக மிச்சக் காலமும் அந்தக் கதிரையில் இருக்கவேண்டுமே என்ற பயம்.

மாமா அப்போது மயக்கம் தெளிந்த காணிக்காரரின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வாரும்! இப்பவே போய் அளப்பம்!" அவருக்கு அன்று வேலியும் வெற்றி, பந்தயமும் வெற்றி. அவர் அப்படியே வெளியே நடந்திருந்தால் என் கதை முடிந்தது. போகும் வழியில் என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியாது, பிடித்த கொலரை விட்டுவிட்டார். திரும்பிப் போய்க் கட்டிலில் ஏறி, விழுந்த பஞ்சைத் தேடி எடுத்துத் தானே மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தார்.

"ஒருத்தரும் போகாதேங்கோ," என்றார், மூக்கடைத்த குரலில். "வந்து இருங்கோ. நான் உண்மையாய்ச் சாகிற அண்டைக்கு ஒருத்தரும் அழவேண்டாம். அந்தக் கணக்கை இண்டைக்குத் தீருங்கோ."

காணிக்காரர் மெல்லக் கேட்டார்: "அண்ணை, அப்ப கதியால்?"

"நீர் முதல் அழும். பிறகு பாப்பம்."

சனம் திரும்பி வந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தக் கிழவி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்கினார், மற்றவர்களும் சேர்ந்தார்கள், மேளம் ஏறியது. முன்னையதை விட நல்ல அழுகை. ஐயர்கூடச் சால்வையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நான் தூணடியில் நின்றேன். படுத்திருந்த மாமாவின் வயிறு மூச்சை அடக்கிப் படும் பாட்டைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கதறி அழுதுவிட்டேன். எங்கே நிற்கிறேன் என்றே எனக்கு நினைவில்லை.

"யாருய்யா அது ஃபிரேமுக்குள்ள, நீலச் சட்டை?" டைரக்டர் உதவியாளரிடம் பல்லைக் கடித்தார். "சத்தமில்லாம இழுத்துட்டு வா!"

உதவியாளர் குனிந்தபடி வந்து என் கையைப் பிடித்தார். அப்போது கட்டிலில் இருந்து, கண் திறக்காமல், பிணம் பேசியது.

"அவர் என்ரை மருமகன். அங்கைதான் நிப்பார்."

டைரக்டர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். வெளிச்சம் போய்விட்டது. கமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஊர்ச் சனம் துடக்குக் கழிய முழுகுவதற்கு வீட்டுக் கிணற்றடிக்குப் போவதா கீரிமலைக்குப் போவதா என்று தர்க்கப்பட்டபடி கலைந்தது. நானும் மாமாவும் மட்டும் அந்த வெள்ளை விரித்த கட்டிலில் அருகருகே இருந்தோம்.

"திங்கட்கிழமை நான் கடைக்குப் போறன் மாமா," என்றேன்.

மாமா மூக்குப் பஞ்சை எடுத்து முற்றத்தில் எறிந்தார்.

"ஏன், உலகத்திலை இந்த ஒரு படக்காரன்தானோ? வேறை ஆரையாவது கூட்டிக்கொண்டு வாரும். நான் படுக்கிறன்."