ஒரு ஓமுக்கு மூன்று குளிசை

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு கைவிட்டது. நான்தான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன் என்று ஊரில் சொல்லித் திரிந்ததெல்லாம் பொய். ஆகவே இதில் பிழை கண்டால் வாத்தியாரைத் திட்டுங்கள். பாவம், அவருக்கு அது பழக்கம்.

எனக்கு வலிப்பு இருந்தது. நாளுக்கு ஒரு குளிசை, இரவுச் சாப்பாட்டோடு. போட்டால் மனிதன், விட்டால் ரோட்டில் துள்ளும் மீன். எண்பத்தைந்தாம் ஆண்டு டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருந்தேன். அங்கே மருந்துக்கடைக்கு ‘அப்போதெக்’ என்று பெயர். நாங்கள் அதை ‘அப்போதைக்கு’ என்போம். விசாவே அப்போதைக்கு அப்போதைக்கு என்று கிடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் பட்டது.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஊரில் கிளாக்கராக வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியும், தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்போதெக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். கடைக்காரப் பெண் ஒரு கேள்வி கேட்பா. அண்ணை என் பக்கம் திரும்பாமலே ஐந்து நிமிடம் பதில் சொல்வார்.

“அண்ணை, அவ என்ன கேட்டவ?”

“நீ குளிசையை ஒழுங்காப் போடுறியோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஆள் படிக்காதவன், நான்தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு.”

அவர் பார்த்துக்கொண்டது கறிச்சட்டியில் என் பங்கு மீன் துண்டை மட்டும்தான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போத்திலில் இரண்டு குளிசை மிஞ்சியிருந்தது. “இண்டைக்கு நான் தனியப் போறன்” என்றேன்.

“போய் என்னத்தைக் கதைக்கப்போறாய்?”

“வாய் என்ர. அது பாத்துக்கொள்ளும்.”

பார்த்துக்கொண்டது பாருங்கள்!

கடையில் அதே பெண். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. போத்திலை வைத்தேன். அவ லேபிளைப் பார்த்து டேனிஷில் ஏதோ கேட்டா. எனக்குத் தெரிந்த டேனிஷ் இருபது சொல். அதில் பத்து, கெட்ட சொல். ‘யா’ என்றால் ஆம் என்பதும் தெரியும். ஆனால் பயம் வந்தால் வாய் ஊருக்கு ஓடிவிடும்.

“ஓம்” என்றேன்.

அவ புருவத்தை உயர்த்திக் காத்திருந்தா. “ஓம்...?” என்று திருப்பிக் கேட்டா. அடி சக்கை, இவவுக்குத் தமிழ் தெரியும்!

“ஓம்! ஓம்!”

“ஓம் மோர்னன்?”

மோர்னன் என்றால் காலை. பின்னேரம் மூன்று மணிக்குக் காலை வணக்கம் சொல்கிறா. சொல்லட்டும், மரியாதை தெரிந்த மனுசி. “ஓம்.”

“ஓம் ஆஃப்ட்னன்?”

விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் ஓம் சொல்லித்தான் நான் டென்மார்க் வரைக்கும் வந்து சேர்ந்தவன். “ஓம்.”

“ஓம் நெட்டன்?”

நான் ஐந்தடிக்கும் குறைவு. பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் குட்டையன். முதன்முதலாக ஒரு பெண் என்னை நெட்டனா என்று கேட்கிறா. இல்லையென்று சொல்ல மனம் வருமா?

“ஓம் ஓம்!”

அவவின் முகம் வெளுத்தது. ஒரு விரலைக் காட்டினா, பிறகு மூன்று விரலைக் காட்டித் தலையை ஆட்டினா. போத்திலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் டெலிபோனில் கதைத்தா. திரும்பி வந்து “நாய்” என்றா. பயப்படாதீர்கள், டேனிஷில் அது ‘இல்லை’. ஆனால் அன்றைக்கு எனக்குத் தமிழ் நாயாகத்தான் கேட்டது.

குளிசை இல்லையாம். இன்றைக்கு ஒன்று, சனிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நான் துள்ளலாம். அங்கே கிடந்த கதிரையில் போய் இருந்தேன். அவ வாசலைக் காட்டினா. நான் கதிரையைக் காட்டினேன். பின்னால் வந்த சனமெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு போனது. நான் அசையவில்லை. கடைசியில் அவ மறுபடி டெலிபோன் எடுத்து, எங்கள் ஆட்கள் டேனிஷ் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணையைக் கூப்பிட்டா.

அண்ணை சைக்கிளில் வந்து இறங்கினார். இருவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். பிறகு என் பக்கம் வந்தார்.

“டேய் விசரா, நாளுக்கு மூண்டு குளிசை போடுறியோ?”

“ஆர் சொன்னது?”

“நீதானாம். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, இரவு ஒண்டு. எப்ப போடுறனீ எண்டு கேக்க, ஓம் ஓம் எண்டிருக்கிறாய். இவையின்ர பாசையில ‘ஓம் மோர்னன்’ எண்டால் காலமையில. ‘ஓம் நெட்டன்’ எண்டால் இரவில. உன்ர ஓம் அவவுக்கு அரைவாசி வசனம். மிச்ச அரைவாசியை அவ சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறா.”

நெட்டன் போச்சு. பழையபடி குட்டையன்.

“டொக்டரோட திங்கள்தான் கதைக்கலாமாம். அதுவரைக்கும் தரமாட்டினமாம். நான் ஒரு வழி சொல்லியிருக்கிறன். போத்தில் என்னட்ட இருக்கும். ஒவ்வொரு நாளும் நான் ஒண்டு எடுத்துத் தருவன். அவவுக்கும் அது விருப்பம்.”

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வயது. கடலில் தனியாக வள்ளம் விட்டவன். இனிக் குளிசைக்கு இவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும்.

“ஏலாது. என்ர வலிப்பு, என்ர குளிசை, என்ர கையிலதான் இருக்கும்.”

“சும்மா இரு. உனக்கு லேபிளே வாசிக்கத் தெரியாது.”

“வாசிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. இந்தப் போத்தில் தவக்காலத்தில வாங்கினது. நூறு குளிசை. நேற்று அந்தோனியார் திருநாளோட தொண்ணூற்றெட்டு நாள். இப்ப ரெண்டு மிச்சம். மூண்டு மூண்டாப் போட்டிருந்தா, உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட போத்தில் காலி. இவ்வளவு நாளும் நான் என்ன, மூடியையே சப்பினனான்?”

அண்ணை விரல் மடக்கி எண்ணினார். கணக்கில் அவர் எங்கோ தவக்காலத்திலேயே நின்றார்.

“சொல்லாட்டி நான் எழும்பமாட்டன். கதிரையோட என்னைத் தூக்கிக்கொண்டு போங்கோ.”

சொன்னார். அந்தப் பெண் லேபிளில் இருந்த திகதியைப் பார்த்தா. இரண்டு குளிசையையும் கையில் கொட்டிப் பார்த்தா. கடுதாசியில் பெருக்கினா, கழித்தா. காது வரைக்கும் சிவந்துபோய் அண்ணையிடம் ஏதோ சொன்னா.

“மன்னிக்கட்டாம்” என்றார் அண்ணை.

“உங்களிட்டயோ கேக்கிறது? ஓமெண்டது நான். என்னட்டச் சொல்லச் சொல்லுங்கோ.”

அவ அண்ணையைச் சுற்றிக்கொண்டு என் கதிரைக்கே வந்தா. என் கண்ணைப் பார்த்துச் சொன்னா. பிறகு குனிந்து, கடுதாசியில் ஒரு சூரியனும் ஒரு நிலவும் கீறி, பேனையை என் பக்கம் நீட்டினா. எதைத் தொடுவது? இந்த நாட்டில் ஆனி மாதம் நான் சோறு தின்னும்போது சூரியன் யன்னலில் நிற்கிறது. நிலவைத் தொட்டால் பொய், சூரியனைத் தொட்டால் மறுபடி காலமை. பேனையை வாங்கி வட்டமாக ஒரு சோற்றுக் கோப்பை கீறினேன். அதுவும் சூரியன் மாதிரியே வந்தது. அதற்குள் ஒரு மீனைப் போட்டேன்.

அவ சிரித்தா. “ஆஃப்ட்ன்ஸ்மல்?”

இரவுச் சாப்பாடு. தின்னும் சொல் எதுவும் எனக்கு மறந்ததில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை மட்டும் மேலும் கீழும் நேராக ஆட்டினேன். அவ உள்ளே போய்ப் புதுப் போத்திலோடு வந்தா. அண்ணை கையை நீட்டினார். நான் எழும்பி, அவர் கைக்கு மேலால் எட்டி வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். குட்டையன் எட்டிய உயரத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

வெளியே அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

“சரி, உன்ர எண்ணமே நடக்கட்டும். நாளைக்கு வலிப்பு வந்து விழுந்தியெண்டால் என்னட்ட வராதை.”

“விழுந்தால் நான் எப்பிடியண்ணை வாறது? ஆரும் தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு” என்றேன்.