பேச்சி அக்கா சொன்னால்தான் ஊதுவார்

இசக்கிமுத்து அண்ணாச்சி போய்விட்டார். இன்று காலை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வார்டில்.

அவர் மனைவி பேச்சி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போடுங்கம்மா... இப்படி ஒருத்தரு இருந்தாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

அண்ணாச்சிக்கு வள்ளியூர்ப் பக்கம். இளவயதில் திருவனந்தபுரம் வந்து, கிரானைட் வெட்டுவதும் தரை பாலிஷ் போடுவதுமாகவே வாழ்ந்தவர். இந்த ஊரில் எத்தனையோ ஃபிளாட்டுகளின் தரை அவர் கைபட்டது.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்றுதான் அவரும் கூட்டாளிகளும் நினைத்திருந்தார்கள். "தெனமும் பவுடர் பூசுன மாப்பிள்ளையாத்தான் வீட்டுக்கு வருவாரு" என்று அக்கா சொல்வார். புருவம்கூட வெள்ளையாக இருக்குமாம். அந்தக் கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது.

நான் அந்தத் தூசியைப் பற்றிய ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் மூச்சுப் பரிசோதனை எடுப்பவள். மூச்சை முழுக்க இழுத்து, குழாயை வாயில் வைத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நாங்கள் கத்துவோம். கத்தினால்தான் கடைசி வரை ஊதுவார்கள்.

அண்ணாச்சிக்கு நான் கத்தினால் சிரிப்பு வந்துவிடும். பாதியில் குழாயை எடுத்துவிடுவார். சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர்.

"டீச்சரே, நீங்க ஏசுத மாதிரியே இல்ல... பாட்டுப் பாடுத மாதிரி இருக்கு. வெளிய ஒருத்தி உக்காந்திருக்கா, அவளக் கூப்பிடுங்க."

அப்படித்தான் பேச்சி அக்கா உள்ளே வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஊதும்யா! இன்னும் ஊதும்! சோறு திங்க மட்டும் தெரியுதுல்லா... ஊதும்!"

அடுத்த அறையிலிருந்து டாக்டர் பதறி ஓடி வந்தார். "எந்தா, எந்து பற்றி?" என்று மலையாளத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று திரையைக் காட்டினேன். மூச்சின் கோடு அன்றைக்குத்தான் ஒழுங்காக வந்திருந்தது.

அதன்பிறகு அவர் வந்த நாளெல்லாம் பேச்சி அக்காதான். கோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையானது... சத்தம் குறையவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இருவரையும் பார்த்தேன். மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததற்காக நேர்ந்துகொண்ட விடலைத் தேங்காய். கையை ஓங்கியதுமே அண்ணாச்சிக்கு மூச்சு இளைத்தது. தேங்காயை அக்காவிடம் நீட்டினார். அக்கா எறிந்தார்... உடையாமல் உருண்டு போனது.

"பாத்தியளா டீச்சரே... என்னைய மட்டும்தான் இவளுக்கு ஒடைக்கத் தெரியும்."

"ஒம்ம மண்டைன்னு நெனச்சு எறிஞ்சிருந்தா ஒடைஞ்சிருக்கும். சாமி முன்னால அப்படி நெனைக்கப்பிடாதுல்லா."

சிரித்துச் சிரித்து இருமினார். அக்கா அவர் முதுகைத் தடவிவிட்டு, அதே தேங்காயை எடுத்து மறுபடி ஓங்கி அடித்தார். சிதறியது.

கடைசியாக வந்து சேர்ந்தபோது ஆக்ஸிஜன் வைத்தும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நுரையீரல் இனித் தேறாது. ஐசியூவில் வெண்டிலேட்டர் வைத்தால் சில நாட்கள் கூடலாம், அதிலிருந்து மீண்டு வருவது கடினம் என்றார். அவருடைய மலையாளத்தை நான் தமிழில் சொன்னேன்.

"கொழாய் போட்டா... பேச முடியுமா?"

முடியாது என்றேன்.

"இவள... உள்ள விடுவாகளா?"

காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும்.

"அப்ப... இங்கனயே கெடக்கேன் டீச்சரே."

திருப்பூரிலிருந்து மகன் முருகன் போனில் அழுதுகொண்டே கத்தினான். "அப்பாவ ஐசியூல வைங்க. அவரு வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுருவியளா?"

அக்கா என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"ஏல முருகா, உங்கப்பா கேக்கது ஒண்ணே ஒண்ணு. நான் பக்கத்துல இருக்கணுமாம். நீயும் வண்டி ஏறி வா. வந்து கையப் புடி... டாக்டர ஏசாத."

வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு ஐசியூ பற்றிப் பேசவே இல்லை.

வார்டில் ஜன்னலோரப் படுக்கை கொடுத்தார்கள். மூச்சுமுட்டுவது தெரியாமலிருக்க மருந்து. அண்ணாச்சி வெளியே பார்த்தபடியே படுத்திருந்தார்.

"ஊருக்குப் போறப்ப... ஆரல்வாய்மொழிகிட்ட... ஒரு காத்து அடிக்கும் பாருங்க. பஸ்ஸுல... வாயத் தொறந்து... உக்காந்திருப்பேன். தானா... உள்ள போவும்."

அங்கே ஒரு தடவை இறங்கி நிற்க வேண்டும் என்று ஆசை. கூட்டிப்போகிற நிலையில் அவர் இல்லை.

இன்று காலை டூட்டிக்கு முன்னால் வார்டுக்குப் போனேன். மூச்சு இழுப்பதும் நிற்பதுமாக இருந்தது. முருகன் கால்மாட்டில். அக்கா அவர் காதருகே குனிந்திருந்தார். பழக்கம்... அக்கா இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன்.

அக்கா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"போதும்யா... ஊதுனது போதும். விட்டுரும்."

கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்.

மதியம் ஆம்புலன்ஸ் வள்ளியூருக்குக் கிளம்பியது. ஏறும்போது அக்கா டிரைவரிடம், "தம்பி, ஆரல்வாய்மொழி வந்ததும் ஏசிய நிறுத்திட்டுக் கண்ணாடிய எறக்கிவிடு" என்றார்.

திரும்பி என் அறைக்கு வந்தேன். பரிசோதனைக்கு யாரோ உள்ளே வந்து உட்கார்ந்து குழாயை வாங்கிக்கொண்டார்... "ஊதுங்க" என்று கத்த எனக்குச் சத்தம் வரவில்லை.

வண்டி இந்நேரம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

காத்து அடிக்குதா அண்ணாச்சி... போயிட்டு வாங்க.