அலோன் தீவுக்குப் போன பந்துகள்

1. தீவின் பெயர்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதன் முதல் வரி 'தீவின் பெயர்' என்றிருந்தது. ரங்கூனில் ஏது தீவு என்று கேட்டேன். மேலாளர் மிஸ்டர் கோலின் சிரிக்கவில்லை. "அந்த இடத்தில் டவுன்ஷிப் பெயரை எழுதுங்கள், போதும்" என்றார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பிஜி, தோங்கா, சமோவா என்று பசிபிக் தீவுகளில் விளையாட்டுத் திட்டங்களுக்கு வெகுகாலமாக உதவி செய்துவந்தது. பந்து கொடுப்பார்கள், வலை கொடுப்பார்கள், பயிற்சியாளர்களை பிஜியின் சுவா நகரத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டாயிரம் பிறந்த பிறகு அதே திட்டத்தை ரங்கூனிலும் சோதனையாக நடத்திப் பார்க்க நினைத்தார்கள். தீவுகளிலேயே காலம் கழித்த மிஸ்டர் கோலினை அனுப்பினார்கள். படிவங்களும் அவர் பெட்டியோடு வந்து சேர்ந்தன.

அதற்கு முன் நான் ஒரு மரக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினேழு வருடம் ஸ்டோரில் இருந்தவனுக்கு மூக்கு சீக்கிரம் வியர்க்கும். ஆணிப் பெட்டியின் எடையைக் கையில் தூக்கியே ஒரு பிடி குறைகிறது என்று சொல்லிவிடுவேன். என் மனைவி ஸ்டெல்லா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "குழம்புல உப்பு போட்டுட்டேன்னு சொன்னா இவரு நம்ப மாட்டாரு. டப்பாவத் திறந்து உப்பு குறைஞ்சிருக்கான்னு பாப்பாரு." பொய்யில்லை. இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆகவே படிவத்தின் கடைசியில் என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன். 'பெற்ற பொருள்களைக் கேட்கும்போது பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவேன்.' அதன் கீழே எல்லாப் பயிற்சியாளர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். அந்த வரியை நினைத்து அன்று பெருமையாக இருந்தது.

2. பந்து பொய் சொல்லாது

மிஸ்டர் கோலின் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "ஆட்கள் பொய் சொல்வார்கள், பந்து சொல்லாது. தீவுகளில் மூன்று மாதத்தில் உப்பும் பவளக் கல்லும் பந்தைத் தின்றுவிடும். பந்து புதிதாக இருந்தால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை என்று எழுதிவிடுங்கள்."

எனக்கு இது தேன் மாதிரி இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன், பந்தை வாங்கிப் பார்ப்பேன், எழுதுவேன். தாமுவே டவுன்ஷிப்பில் ஒருவன் நாங்கள் கொடுத்த வலையை வெட்டிக் கோழிக்கூண்டு கட்டியிருந்தான். முதல் மாதமே அதைக் கண்டுபிடித்ததில் என் மூக்குக்கு இன்னும் திமிர் ஏறிவிட்டது.

அலோன் டவுன்ஷிப்பில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவள் மா நிலார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர், அம்மா பர்மியப் பெண். அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பகலில் ஒரு அரிசிக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைப்பாள். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் களத்தில், லாரிகள் போன பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைப்பாள். ராணுவ ஆட்சியில், ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் கேள்வி கேட்ட காலம் அது. வார்டு ஆபீசிலிருந்து இரண்டு தடவை வந்து, இத்தனை பெண்கள் எதற்குக் கூடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

மிஸ்டர் கோலின் ஒரு கூட்டத்தில் அவளைப் பார்த்ததும் சுவா பயிற்சிக்கு அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். மூன்று மாதப் பயிற்சி. அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, அது கிடைக்க நாயாய் அலைந்துகொண்டிருந்தாள். என் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் போவாள், இல்லாவிட்டால் இல்லை.

நான் முதல் தடவை போனது காலை பதினொரு மணிக்கு. அவள் சாக்கு ஊசியை வைத்துவிட்டு ஓடிவந்து பக்கத்திலிருந்த தன் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். பந்துகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக இருந்தன.

"பத்திரமா வச்சிருக்கேன் சயா." பர்மாவில் மரியாதைக்குரிய ஆம்பிளையை சயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பத்திரமா வைக்கவா குடுத்தோம்? ஆட்டமே நடக்கலபோல?"

"நடக்குது சயா. தினமும் நடக்குது. எங்ககிட்ட பழைய பந்து ஒண்ணு இருக்கு, அதுல ஆடுறோம்."

"எங்க, காட்டு."

அவள் தயங்கினாள். "அது நீங்க பாக்குற மாதிரி இருக்காது சயா. அசிங்கமா இருக்கும். அஞ்சு மணிக்கு வாங்க, பிள்ளைங்க ஆடுறதப் பாருங்க."

"சொல்லிட்டு வந்தா யாரு வேணும்னாலும் ஆளைக் கூட்டி வைக்கலாம்" என்றேன். "அடுத்த தடவ நான் வரும்போது பந்து தேஞ்சிருக்கணும்."

யாராவது தயங்கினால் அதைத் திருட்டின் நிழல் என்று எடுத்துக்கொள்வது அன்றைய என் வழக்கம். அலோனுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

3. செங்கல் பொடி

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ஒரு காலை நேரம் போனேன். பந்துகள் தேய்ந்திருந்தன. மா நிலார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் பூசிய தனகா மரச் சாந்து வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு பந்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஆட்டத்தில் தேயும் பந்து அங்கங்கேதான் தேயும். இதில் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. தையல் இடுக்கில் நகத்தை விட்டேன். சிவப்பாகப் பொடி வந்தது. செங்கல்.

"செங்கல்ல தேச்சியா?"

அவள் பந்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்கதான சயா தேஞ்சிருக்கணும்னு சொன்னீங்க" என்றாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன். 'ஆட்டம் நடக்கவில்லை. பந்துகள் பயன்படுத்தியதுபோல் போலியாகத் தேய்க்கப்பட்டுள்ளன' என்று எழுதி, செங்கல் பொடியை ஒரு காகிதத்தில் மடித்து இணைத்தேன். மிஸ்டர் கோலின் என் தோளைத் தட்டினார். "இருபது தீவு பார்த்திருக்கிறேன், உங்களைப்போல ஒரு கண்ணைப் பார்த்ததில்லை" என்றார். ரிப்போர்ட் அந்த வாரமே சுவாவுக்குப் போனது. மா நிலாரின் பெயரை அடித்துவிட்டார்கள். பொருள்களைத் திருப்பி எடுத்துவரும்படி என்னையே அனுப்பினார்கள்.

4. ஐந்து மணி

அன்று நல்ல மழை. எங்கள் வேன் வழியில் நின்று நின்று, அலோன் போய்ச் சேரும்போது ஐந்தே கால். மழை விட்டிருந்தது. கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து கூச்சல் கேட்டது.

போய்ப் பார்த்தேன். களத்தில் தேங்கிய தண்ணீரைச் சாக்கால் துடைத்துவிட்டு, லொஞ்ஜிக் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினாறு, பதினேழு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மா நிலார் வலையோரம் நின்று பர்மியில் கத்திக்கொண்டிருந்தாள். பந்து என் காலடிக்கு உருண்டுவந்தது.

எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் பாதிகூட மிச்சமில்லை. ஓட்டை விழுந்த இடங்களில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து, சாக்குத் தைக்கும் சணல் நூலால் தைத்திருந்தாள். சாக்குத் தையல் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தையலும் வேறு வேறு நாளில் போட்டது. சில நூல் கறுத்திருந்தது, சிலது நேற்றுப் போட்டதுபோல வெளுப்பாக இருந்தது.

"இதுலயா ஆடுறீங்க?"

"ஆமா சயா."

"நாங்க குடுத்த பந்து இருக்கும்போது ஏன் இத வச்சு ஆடுறீங்க?"

அவள் வீட்டுக்குள் போய், நான் கையெழுத்து வாங்கிய படிவத்தின் நகலை எடுத்துவந்து நீட்டினாள். "திருப்பிக் குடுக்கும்போது வாங்கின மாதிரியே இருக்கணும்னு எழுதி வாங்கினீங்க. அதனால உறையே பிரிக்கல. அப்புறம் வந்து தேஞ்சிருக்கணும்னு ஏசினீங்க. சுவா போகணும்னு ஆசை சயா, அதான் தேச்சேன். நான் வேற என்ன செய்யட்டும்?"

நகலின் கடைசி வரியைப் படித்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"இந்தப் பந்தக் குடு, நான் போய்ப் பெரியவர்கிட்ட காட்டுறேன்" என்றேன். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு கொடுத்துவிட்டாள். நாங்கள் கொடுத்த பந்துகளும் உத்தரவுப்படி வேனில் ஏறின.

மறுநாள் மிஸ்டர் கோலினின் மேஜையில் அதை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலில் நகத்தை விட்டுப் பார்த்தார், நான் பார்த்த மாதிரியே.

"புதுப் பந்தைப் பழசாக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா?"

"நான் கண்ணால் பார்த்தேன் சார். நீங்களும் ஐந்து மணிக்கு வந்து பாருங்கள்."

"பந்தைக் கொடுத்து அனுப்பியவளுக்கு நாம் வருவோம் என்று தெரியாதா? ஆளைக் கூட்டி வைத்திருப்பாள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பெண் உங்களுக்கு என்ன கொடுத்தாள்?"

பதினேழு வருட ஸ்டோரில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது ரிப்போர்ட்டை அவர் வாங்கவில்லை. சுவாவுக்கு வேறொருவர் போனார்.

நான்கு நாள் கழித்து மா நிலார் குடையோடு எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள். அழுவாள், இல்லாவிட்டால் சண்டை போடுவாள் என்று நினைத்து, சொல்லவேண்டிய சமாதானத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டே இறங்கிப் போனேன்.

"சுவா விஷயமா வரல சயா" என்றாள். "அந்தப் பந்து காட்டி முடிச்சாச்சா? எங்ககிட்ட வேற பந்து இல்ல. நாலு நாளா பிள்ளைங்க வந்து வந்து சும்மா நின்னுட்டுப் போகுது."

பந்து மிஸ்டர் கோலினின் அலமாரியில், சாட்சிப் பொருளாக, தையல் நூலில் அட்டை கட்டிய நிலையில் இருந்தது. அட்டையில் என் கையெழுத்திலேயே 'தீவின் பெயர்: அலோன்' என்று எழுதியிருந்தது. யாரையும் கேட்காமல் அட்டையை அறுத்துவிட்டுப் பந்தைக் கீழே கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கையெழுத்து எங்க போடணும் சயா?" என்று கேட்டாள்.

"வேணாம், போ" என்றேன். 

இந்த மாதிரி வேலைக்கு வரும் இளையவர்களே, சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோழிக்கூண்டு கட்டியவனும் இருந்தான் அல்லவா? ஆனால் ஒருவர் உங்களை ஐந்து மணிக்கு வந்து பார்க்கச் சொன்னால், ஐந்து மணிக்குப் போங்கள்.