ஒழுகல் மேஸ்திரி

சிமெண்ட் மூட்டையைப் பிரித்ததும் மேஸ்திரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். ஈர வாடை அடித்தால் போச்சு. மூட்டையை எதிரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வேலைக்கு மட்டம் போட்டவனைத் திட்டுவதுபோல, "நீயெல்லாம் எதுக்குடா வண்டி ஏறி வந்த?" என்று ஆரம்பிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக் கூரையில் எங்கே ஈரம் பூத்திருக்கிறது என்றுதான் பார்வை போகும். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தொடமாட்டார். அவர் மனைவி குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, "ஊர் ஓட்டைய அடைக்கப் போறாரு, வழிய விடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி அனுப்பி வைப்பாள்.

ஊர் ஓட்டை என்றால் அணையில் இருக்கும் ஓட்டை. எப்போதோ ஒரு மர அறுவை மில்லுக்காகக் கட்டிய சின்னக் கல்லணை அது. மில் மூடிப் போனது, முதலாளி போய்ச் சேர்ந்தார், அணை மட்டும் கிழடு தட்டி நின்றது. அதைப் பராமரிக்கும் அரசாங்கக் கொத்தனார் வேலை இவருக்கு. இடது கரைப் பக்கம் ஓயாமல் கசியும். சிமெண்ட், தார், களிமண், பழைய கோணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துப் பார்த்தார். ஒரு மழைக்காலம் நிற்கும். அடுத்த மழைக்கு இரண்டு முழம் தள்ளி வேறொரு இடத்தில் பீறிடும். வந்த அதிகாரிகள் எல்லாரும் இவர் தலையில்தான் பழியைப் போட்டார்கள். கவனக்குறைவு என்று எழுதினார்கள், பதவி உயர்வை நிறுத்தினார்கள். நேரில் 'மேஸ்திரி' என்பவர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஒழுகல் மேஸ்திரி' என்றார்கள். சிலர் நேரிலேயே சொன்னார்கள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கசிந்த தண்ணீர் போய் நின்ற இடம்தான் பொறுக்க முடியாததாகிவிட்டது. அணைக்குக் கீழே இருந்தது அவருடைய அண்ணனின் நிலம். முதலில் ஒரு மூலை ஈரமானது. "மழைக்குள்ள அடைச்சிடறேண்ணே, நீ பாட்டுக்கு விதை" என்றார் இவர். தம்பி சொல்லை நம்பி அண்ணன் விதைத்தார். முளைத்ததெல்லாம் வேரோடு அழுகியது. மறு வருடமும் இதே சொல், இதே அழுகல். மூன்றாவது வருடம் அண்ணன் விதைக்கவும் இல்லை, தம்பியோடு பேசவும் இல்லை. அம்மா செத்த அன்றுகூட ஆளுக்கொரு சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். நிலத்தில் கோரை முளைத்தது, நாணல் வந்தது, பின்னாலேயே தவளையும் ஆமையும் நீர்க்கோழியும் குடி வந்தன. சொந்த நிலத்தில் இறங்கக் காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கிறது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, டவுனில் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார்.

இப்போது அணையை எடுக்கிறார்கள். உடைத்துத் தள்ளிவிட்டுப் போகிற வேலை இல்லை. மேலிருந்து ஒரு வரிசைக் கல்லைக் கழற்றுவது, தண்ணீர் ஒரு சாண் இறங்கியதும் நிறுத்துவது, கீழே சதுப்பில் முட்டையும் குஞ்சுமாக இருக்கிற ஜீவன்களுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுப்பது, பிறகு அடுத்த வரிசை. இதைப் பார்த்துக்கொள்ள ஓர் இஞ்சினியர் பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். வெயிலில் நிற்கிறாள், கூலியாட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மேஸ்திரிக்கு அவள்மேல் எந்தக் குறையும் கிடையாது, அதுவே அவருக்கு எரிச்சல்.

கல்லைக் கழற்றக் கழற்ற அவர் போட்ட ஒட்டுகள் வெளியே வந்தன. ஒன்றுகூட உதிரவில்லை. சுற்றியிருந்த கல் நைந்துபோயிருந்தது, ஒட்டு மட்டும் இரும்பாக இருந்தது. அடித்தளம் தெரிந்ததும் இஞ்சினியர் பெண் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீர் சுவர் வழியாகப் போகவே இல்லை. அதற்கும் அடியில், பாறை வெடிப்பில் புகுந்து போயிருக்கிறது. எந்தக் கொத்தனாராலும் அடைத்திருக்க முடியாது என்றாள். மேஸ்திரி அந்த வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். அன்று மாலையே மனைவியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பி விஷயத்தைச் சொல்ல வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "இப்ப எதுக்கு அது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

ஆனாலும் அண்ணன் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தார். அணை போனால் கசிவும் போகும், நிலம் காயும். எல்லைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட ஆள் பேசி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சதுப்பைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அணை இல்லாமலும் அதற்குத் தண்ணீர் போக வேண்டும். ஓடையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் பிரித்து, அதன் முனையில் கசிவுச் சுவர் ஒன்று கட்டுவதாக ஏற்பாடு. ஐந்து வருடம் கழித்து வந்து பார்ப்பார்கள். ஈரம் அப்படியே இருந்தால் நிலம் என்றைக்கும் சதுப்புதான். தானாக வற்றிப்போயிருந்தால் உரியவருக்கே திரும்பும்.

"இந்தச் சதுப்பே உங்க கசிவுல பொறந்ததுதானே மேஸ்திரி. சுவரையும் நீங்களே கட்டிக் குடுங்க" என்றாள் இஞ்சினியர் பெண், மனசாரத்தான்.

"திட்டறதா இருந்தா நேராத் திட்டிடுங்கம்மா" என்றார் மேஸ்திரி. பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அடைக்கத் தெரியாதவன்னு இத்தன வருஷம் பேரு. இப்ப ஒழுக விடறதுக்கும் நான்தானா?"

வேலையை ஏற்றுக்கொண்டார். ஏன் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சாந்து பூசாமல் கல்லை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், நடுவில் கழுவிய சரளையை நிரப்ப வேண்டும், அதன் வழியாக நீர் ஊறி இறங்கும். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மேஸ்திரி சரளைக்கு நடுவே களிமண்ணை உருட்டி உருட்டி வைத்தார். வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு மழையில் வண்டல் சேர்ந்து இறுகிக்கொள்ளும். கசிவு மெல்லச் செத்துப்போகும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யா? அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். முதல்முறையாக ஓர் ஓட்டையை நிஜமாகவே அடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அவர் சீட்டியடித்ததாக உடன் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள், மேல் வரிசைக் கல் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். காவல்காரச் சட்டையோடு, கிடங்கிலிருந்து நேராக. இஞ்சினியர் பெண் எழுந்து வணக்கம் சொல்லி, சுவர் எப்படி வேலை செய்யும் என்று பொறுமையாக விளக்கினாள். அண்ணன் தலையசைத்துக் கேட்டார். சுவரைப் பார்த்தார், தன் நிலத்தைப் பார்த்தார். அங்கே ஒரு நீர்க்கோழி குஞ்சுகளை இழுத்துக்கொண்டு கோரைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி சுத்தியலும் கையுமாக எழுந்து நின்றார். அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், தனியே கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவருக்கு வாய் துடித்தது.

அண்ணன் இவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார்.

"இதையாச்சும் ஒழுங்காக் கட்டச் சொல்லும்மா அவன. அவன் கை பட்டது எது நின்னுச்சு?"

சொல்லிவிட்டு வந்த வழியே போனார். இஞ்சினியர் பெண் வாய்க்காலைப் பார்த்தாள். கூலியாட்கள் கல்லைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மேஸ்திரிக்கு முகமெல்லாம் எரிந்தது. அண்ணன் மேடேறி, சாலையைத் தாண்டி, கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு உட்கார்ந்து, இரண்டு நாளாக அடுக்கிய கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, களிமண்ணை உருண்டை உருண்டையாகத் தோண்டி எடுத்து ஓடையில் வீசினார். கடைசி உருண்டையும் போனதும் ஒரு கூடை சரளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். ஏற்கெனவே கழுவிய சரளைதான். அதில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, மறுபடியும் தண்ணீரில் அலசி, துளி மண்கூட ஒட்டவில்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே வைக்கத் தொடங்கினார்.