மெக் ஏன் கேட்கவில்லை

வேரோனிக்கா மிசிசாகாவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறார். ஐந்து வருடங்களாக அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: எஃபி டன்பாரைத் தமிழுக்குக் கொண்டுவருவது. எஃபி, ஸ்கொட்லாந்தின் கரையோரக் கிராமமொன்றில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர்; அந்த ஒரே ஊரைப் பற்றி நான்கு நாவல்கள் எழுதிவிட்டு அங்கேயே இறந்துபோனார். நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் முதல் நாவலைக் கண்டெடுத்த நாளிலிருந்து வேரோனிக்கா அந்த மனுசியைத் துருவிக்கொண்டே இருக்கிறார்.

திங்கட்கிழமை அந்த நாவலின் தமிழ்க் கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். ஓர் இடம் மட்டும் உதைத்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் புறப்படும் புருஷனோடு நாவலின் நாயகி மெக் வாசல்வரை வருகிறாள். சால்வை நுனியால் வாயைப் பொத்தியபடி, ஒரு சொல் பேசாமல் கதவைச் சாத்துகிறாள். அவன் திரும்பி வரவில்லை.

வாசிக்கக் கேட்ட மகள் மெலிசா, "அம்மா, ஷீ இஸ் ஸோ கோல்ட். ஒரு குட்பாய் கூடச் சொல்லேல்லை," என்றாள். மெக்கை எல்லோரும் வெறுத்துவிடுவார்களோ என்று வேரோனிக்காவுக்குப் பயம் பிடித்தது. எஃபி எழுதாத ஒரு வரியை மெக்கின் வாயில் வைத்தார்: "எங்கை போறியள், எப்ப வருவியள்?"

சனி காலை அதைக் கணவர் கஸ்பருக்கு வாசித்தார். கஸ்பர் இப்போது விமான நிலையத்தில் வாகனம் ஓட்டுகிறார். முன்பு மன்னார்ப் பக்கம் பேசாலையில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். வேரோனிக்கா யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்தவர்; கடலைப் பஸ்ஸிலிருந்துதான் பார்த்தவர்.

கஸ்பர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "ஆர் உந்தக் கேள்வி கேட்டது?"

"மெக்தான்."

"அப்ப அவன் போயிருக்கமாட்டானே! வலையை இறக்கி வைச்சிட்டுப் படுத்திருப்பான். கடலுக்கு வெளிக்கிடுறவனை எங்கை போறாய் எண்டு கேக்கிறதே? தப்பித்தவறிக் கேட்டிடுவன் எண்டு எங்கடை அம்மா குசினிக்குள்ளை போய் நிண்டிடுவா."

"நான் உங்களை ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

"அதுதான் 401 ஹைவேயிலை ஒவ்வொரு நாளும் ட்ராஃபிக்."

வேரோனிக்கா சிரிக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சால்வை, வாய், கதவு, அவ்வளவுதான். தமிழில் மட்டும் "குளிருக்கு வாயைப் பொத்தியபடி" என்றிருந்தது. குளிர் வேரோனிக்காவின் சொந்தச் சரக்கு.

கேள்வியை அழித்தார். குளிரையும் அழித்தார்.

"அப்ப அனுப்பலாமே?" என்றார் கஸ்பர்.

"திங்கள் அனுப்பமாட்டன். இன்னும் எங்கையெங்கை பிழை விட்டிருக்கிறனோ. நீங்கள் எழும்பாதேங்கோ. முதலாம் அத்தியாயத்திலையிருந்து வாசிக்கிறன்."

"நானூறு பக்கமெல்லே?"

"நானூற்றிப் பன்ரெண்டு," என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.